ஏழு காய் மிஞ்சிய ஆட்டம்

செத்துப்போன நண்பரோடு ஆடிய கடைசி சதுரங்க ஆட்டத்தில் நான் யோக்கியமாக நடந்துகொண்டேனா என்று செல்போனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைமை எனக்கு ஐம்பத்து மூன்று வயதில் வந்தது.

நண்பர் தி. நகரில் ஒரு சந்துக்குள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் திரும்புவதற்குள் நான் அடையாறிலிருந்து போய்க் காய்களை அடுக்கியிருப்பேன். பதினாறு வருஷம் இப்படி. அவர் குதிரைக் கட்சி, நான் மந்திரிக் கட்சி. மந்திரி என்றால் பிஷப்.

"உன் ஆளு மூலைக்கு மூலை ஓடுறான், சரி. ஆனா சாவுற வரிக்கும் ஒரே கலர் கட்டம்தான் நைனா. என் குதிரைக்கு எல்லா ஊட்லயும் சோறு."

நான் புத்தகம் படித்தவன். பலகையின் இரண்டு ஓரத்திலும் சிப்பாய் இருந்தால் மந்திரிதான் உசத்தி என்று பிரசங்கம் செய்வேன். பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருக்கும்போது.

கடைசி ஆட்டத்தில், "ட்ரா வெச்சுக்கலாமா பாய்?" என்றேன். அவர் பலகையைக் கொஞ்ச நேரமும் என் முகத்தை அதைவிடக் கூடுதலாகவும் பார்த்தார். கை கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கடை திறக்கவில்லை. ஒரு மாதம் படுக்கையில் இருந்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். ஆட்டத்தின் நிலை எனக்கு மறந்துவிட்டது. கை கொடுத்தபோது என் உள்ளங்கை ஈரமாக இருந்தது மட்டும் மறக்கவில்லை. தோற்கப்போகிறேன் என்று தெரிந்துதான் கேட்டேனா?

சில மாதம் கழித்து அவர் மனைவி மயிலாப்பூர் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். ஒரு பக்கத்தில் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் காய்களின் பெயர் எழுதியிருந்தது.

"கடைசி மாசம் பூரா இதையேதான் பாத்துக்கினு இருந்தாரு. யாரு ஜெயிச்சிருப்பாங்க அண்ணே?"

மொத்தம் ஏழு காய்கள். அவருக்கு ராஜா, குதிரை, இரண்டு சிப்பாய். எனக்கு ராஜா, ஒரு சிப்பாய், யானை.

இந்தச் சதுரங்க புரோகிராம்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழையவை பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி: சிப்பாய்க்கு ஒரு மார்க், குதிரைக்கும் மந்திரிக்கும் மூன்று, மந்திரிக்கு மட்டும் கொசுறாகக் கொஞ்சம். சிப்பாய்கள் முட்டிக்கொண்டு வழி அடைத்தால் கொசுறைப் பிடுங்கிக் குதிரைக்குக் கொடுக்கும். புதியவை காரணம் சொல்வதில்லை. ஓர் எண்ணைக் காட்டும். அது ஏறி இறங்குவதைப் பார்த்தால் எதிரே யாரோ உட்கார்ந்து யோசிப்பது போலவே இருக்கும். நான் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் பலகையில் ஏழு காய்க்கு மேல் இல்லையென்றால் மார்க்கும் இல்லை, அபிப்பிராயமும் இல்லை. அத்தனை நிலைகளையும் முன்கூட்டியே கடைசிவரை ஆடிப்பார்த்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். வெற்றி, தோல்வி, ட்ரா. மேல்முறையீடு கிடையாது.

நோட்டில் உள்ளபடி போனில் அடுக்கினேன். வெற்றி எனக்கு.

உடனே பாய் மனைவிக்குப் போன் போட்டேன். "நான்தான் பாபி ஜெயிச்சிருப்பேன். பாவம்னுதான் ட்ரா குடுத்தேன்."

"அப்பிடியா" என்றார்.

மூன்று நாள் நன்றாகத் தூங்கினேன். நாலாம் நாள் பல் தேய்க்கும்போது ஒரு சந்தேகம். கையில் யானை இருந்தால் நான் எதற்கு ட்ரா கேட்டேன்? அப்படிப்பட்ட தாராள மனசு என் சரித்திரத்தில் இல்லை. யானை இருந்திருந்தால் அந்த மனுஷனை ஆஸ்பத்திரிக் கட்டில் வரை துரத்தியிருப்பேன்.

வாயில் நுரையோடு நின்றபோதுதான் அது உறைத்தது. அவர் வீட்டில் பேசுவது உருது. எங்கள் மந்திரியை அவர்கள் ஃபீல் என்பார்கள். அதற்கு அர்த்தம் யானை; நோட்டில் அவர் எழுதியதும் அந்த யானைதான். எங்கள் யானை மூலையில் நிற்பது. அவர் யானை ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பது. பதினாறு வருஷமும் அவரவர் பெயரைச் சொல்லித்தான் ஆடினோம். விரல் காயைத் தொட்டதால் குழப்பம் வரவில்லை. காகிதத்தில் விரல் இல்லை.

யானையை எடுத்துவிட்டு மந்திரியை வைத்தேன். முப்பத்தொரு நகர்த்தலில் அவருக்கு வெற்றி. என் மந்திரி தனக்கு உதவாத நிறத்திலேயே அலைந்துகொண்டிருந்தது. திரையில் அதைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று கடையில், ட்ரா கேட்பதற்குச் சற்று முன்னால், இதே அலைச்சலை நான் பார்த்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாப்பூர் போனேன்.

"தப்பா சொல்லிட்டேன் பாபி. அவர்தான் ஜெயிச்சிருப்பார். அது தெரிஞ்சுதான் நான் ட்ரா கேட்டேன்."

அவர் திட்டவில்லை. உள்ளே போய்ப் பலகையை எடுத்து வந்து நடுவில் வைத்தார். "ஆடிக் காட்டுங்க. அவுரு காயை நான் வெக்கிறேன். எங்கன்னு சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது."

நோட்டைப் பார்த்து அடுக்கினோம். போன் சொன்னதை நான் படிக்க, அவர் நகர்த்தினார். எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல தற்காப்பை நான் ஆடினேன். ஐந்து நகர்த்தல் போயிற்று. ஆறாவதைப் படிக்க நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குதிரையைத் தூக்கி ஒரு கட்டத்தில் வைத்துவிட்டார்.

போனைப் பார்த்தேன். அதே கட்டம்.

"இங்கதானே?" என்றார். "தெனம் சாயங்காலம் வெச்சி வெச்சி பாப்பாரு. இந்த எடம் வந்தா மட்டும் சிரிப்பாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லுங்களேன்னு நானும் கேட்டேன். கை குடுத்துட்டேனேன்னாரு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கை மடியில் இருந்தது. பார்வை பலகையில் இருந்தது. அன்று பாய் பார்த்த அதே நிதானம்.

"உங்க ஆட்டம் அண்ணே."

என் ராஜாவுக்குப் போக ஒரே ஒரு கட்டம் இருந்தது. இன்னும் இருபத்தைந்து நகர்த்தல் பாக்கி. போய் நின்றேன்.