இரண்டாவது அடி

என் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். போன வருடம் முழுக்க அவளோடு சண்டை போட்டே தொண்டை கட்டிப்போனவன் நான். தலைகீழாக நின்றாலும் பிடித்த பிடியை விடமாட்டாள். அவளுக்குத் தம்பியாகப் பிறந்து அனுபவித்தால்தான் தெரியும்.

அவளுக்கு இஸ்திரிக் கடை. வீட்டின் முன்அறைதான் கடை. நடுவில் கதவு அகலத்துக்கு ஒரு மேசை, அதன்மேல் நாலாக மடித்த போர்வை, அதற்கும் மேல் தரைவரை தொங்கும் வெள்ளைத் துணி. ஐந்து கிலோ எடையில், கரண்டில் சூடேறும் பழைய வார்ப்பிரும்பு இஸ்திரிப் பெட்டி ஒன்று. நான் அதை ஒரு கையால் தூக்கிவிட்டு மூன்று நாள் தோளுக்குத் தைலம் தேய்த்திருக்கிறேன். அவள் காலை ஏழு மணிக்கு எடுத்தால் மதியம்வரை கீழே வைக்கமாட்டாள். அவள் போட்ட மடிப்பு கலையாது என்பதால் தெருவுக்கே அவள் 'மடிப்பக்கா'. மச்சான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு நாலு வயது. யாரிடமும் போய் நிற்காமல், என்னிடமும் நிற்காமல், அந்த மேசையை வைத்தே மகளைப் பத்தாம் வகுப்புவரை கொண்டுவந்துவிட்டாள்.

சட்டையில் எங்காவது சூடு பட்டுவிட்டால், காலருக்கு உள்பக்கம் யார் கண்ணுக்கும் படாத இடமாக இருந்தாலும், சொந்தக்காரரைக் கூப்பிட்டு அவளே காட்டுவாள். "இங்க கருக்கிட்டேன், பாத்துக்கங்க." இவள் சொல்லாவிட்டால் அவர் பாட்டுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருப்பார். பிழைக்கத் தெரியாதவள் என்று நான் திட்டியதற்குக் கணக்கே கிடையாது.

எனக்கு நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை. ஊரார் வம்பையெல்லாம் இருபது வருடமாகத் தட்டித் தட்டி, நானே பாதி வக்கீல் என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்புதான் குடியைக் கெடுக்கும் என்பாள் என் மனைவி.

போன வருடம் ஒரு நாள் மதியம் இரண்டரை மணி. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அக்கா வேலை செய்துகொண்டிருந்தாள். ஒருவன் குனிந்து உள்ளே வந்தான், கையில் கத்தி. அக்கா சத்தம் போடவில்லை. "இழுப்பறை தொறந்துதாம்பா இருக்கு. இருக்கறத எடுத்துக்கிட்டுப் போயிடு" என்றாள். அவனும் வழித்து எடுத்துக்கொண்டான். அதுவரை அவள் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மகள் உள்ளறையிலிருந்து வந்தாள். அவன் அவள் கையைப் பிடித்து முறுக்கி, கத்தியைக் கழுத்தில் வைத்து, "உள்ள நட" என்றான். பெண் அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். "மேசைக்கடியில போடி!" என்று அக்கா கத்த, அவள் துணிக்குள் புகுந்துகொண்டாள். அவன் அக்காவின் மேல் பாய்ந்து முழங்கையில் கிழித்தான். அக்கா பெட்டியைத் தூக்கி ஓங்கினாள், சுவரிலிருந்து பிளக்கே பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அடி தலையில் விழுந்தது. மேசையோரமாகச் சாய்ந்தான். இன்னொரு அடி விழுந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாளிலிருந்து ஊரே நீதிபதியாகிவிட்டது. முடிதிருத்தும் கடையில் ஒருவர், "என் வீட்டுக்குள்ள ஒருத்தன் வந்தா வெட்டிப் போடுவேன், சட்டம் என்ன பண்ணிடும்?" என்றார். "திருட வந்ததுக்கு உசுரா?" என்று பாதி முகச்சவரத்தோடு இன்னொருவர் எழுந்தே விட்டார். போலீஸ் அக்காமேல் கொலை வழக்குப் போட்டது. அவள் ஜாமீனில் வந்ததும் கடைக்குப் பூங்கொத்தோடு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் அவள் பெட்டியைக் கையில் பிடித்திருப்பதுபோல் ஒரு படம் எடுக்க வேண்டுமென்றார்.

"துணி கொண்டாந்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, சும்மா ஒரு போட்டோ…"

"செத்தது ஒரு மனுஷன். கெளம்புங்க."

சட்டம் எனக்கு மனப்பாடம். உன் உயிருக்கோ உன்னைச் சேர்ந்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால், தடுக்கிறபோது எதிராளி உயிரே போனாலும் அது குற்றமில்லை. ஆனால் ஆபத்து நின்றதும் அந்த உரிமையும் நின்றுவிடும். விழுந்து கிடப்பவனை அடித்தால் அதற்குப் பெயர் தற்காப்பு இல்லை. ஆக, எல்லாம் அந்த இரண்டாவது அடியில்தான் இருந்தது. தலையில் இரண்டு காயம் என்றும், ஒன்று விழும்போது மேசைக்காலில் இடித்தும் ஏற்பட்டிருக்கலாம் என்றும் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதியிருந்தார். எங்கள் வக்கீல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அடிச்சது ஒண்ணு. இன்னொண்ணு மேசைக்கால். முடிஞ்சுது."

நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தை நானே தட்டச்சு செய்து எடுத்துப்போனேன். அக்கா ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்துப் படித்தாள்.

"ஒரு அடின்னு போட்டிருக்கியே?"

"ஆமா. அப்படித்தான் சொல்லணும்."

"ரெண்டுடா."

"அக்கா, நீ உள்ள போயிட்டா உன் பொண்ண யாரு பாத்துப்பா?"

"நீ பாத்துக்க."

எனக்கு வந்த கோபத்துக்குக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அவள் பொறுமையாக எல்லாத் துண்டையும் பொறுக்கி மேசைமேல் வைத்தாள். "அவ மேசைக்கடியில இருந்தா. சத்தம் ரெண்டும் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் ஒண்ணுன்னு சொன்னா, நாளைக்கு அவளும் கூண்டுல ஏறி ஒண்ணுன்னு சொல்லணும். எம் பொண்ணு வாயால பொய் சொல்லி நான் வெளியில இருக்கணுமா?"

"பயத்துல அடிச்சேன்னாவது சொல்லித் தொலை."

"பயந்தான். ஆனா பயம் மட்டும் இல்லடா. எம் பொண்ணு மேல கை வச்சுட்டானேன்னு கோபமும் இருந்துச்சு. அவன் விழுந்துட்டான்னு எனக்குத் தெரியும்."

திரும்பவும் தட்டச்சு செய்தேன். இரண்டு அடி, பயம், கோபம், எல்லாம். இந்தத் தொழிலில் அவ்வளவு வெறுத்துப்போய் நான் ஒரு பக்கத்தைத் தட்டியதில்லை.

ஜாமீனில் வந்து பதினோரு மாதம் புதுப் பெட்டியோடு கடையை நடத்தினாள். அந்த மதியத்தைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகளைப் பேசவும் விடவில்லை. "சாட்சி சொல்லப்போறவ அவ. நான் பேசினா சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிடும்" என்றாள். எனக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. அவளுக்குத் தெரியாமல் பெண்ணைப் பிடித்து, "ஒரு சத்தந்தான் கேட்டுச்சுன்னு சொல்லு" என்று பாடம் நடத்தினேன். "மாமா, அது வந்து…" என்று அவள் ஆரம்பிக்கும்போதெல்லாம், "வந்தும் இல்ல போயும் இல்ல, ஒண்ணு!" என்று வாயை அடைத்தேன். சம்பவம் நடந்த அன்று போலீஸ் அவளை விசாரித்தபோதும் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை பயந்திருக்கிறாள் என்று பாதிப் பதிலை நான்தான் சொன்னேன்.

பெண் சாட்சிக்கூண்டில் ஏறினாள். அரசு வக்கீல் கேட்டார்: "எத்தனை அடி?"

நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டு சத்தம் கேட்டுது."

"ரெண்டாவது சத்தம் கேட்டப்போ அந்த ஆள் விழுந்து கிடந்தான், இல்லையா?"

"ஆமா. மேசைக்கடியில துணியைத் தள்ளிக்கிட்டு அவன் கை உள்ள வந்துச்சு. கத்தி என் கால்கிட்ட விழுந்திருந்துச்சு. அதத் தேடி எடுத்துட்டான். அப்பத்தான் ரெண்டாவது சத்தம். கை அப்படியே நின்னுடுச்சு."

எதிரே குற்றவாளிக் கூண்டில் நின்ற அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அன்று அவனுக்கு மேலே நின்றவளுக்கு அவன் தலையும் முதுகும்தான் தெரிந்திருக்கிறது. துணிக்குள் போன கையை அவள் பார்க்கவே இல்லை.

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லலை?" அரசு வக்கீலின் குரல் ஏறியது. "அம்மாவைக் காப்பாத்த இப்ப ஜோடிக்கிறியா?"

"யாரும் கேக்கல சார். மாமா ஒண்ணுன்னு சொல்லச் சொன்னாரு. அம்மா பேசவே கூடாதுன்னுட்டாங்க."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. பாதி வக்கீலின் லட்சணம் ஊரறிய வெளிவந்துவிட்டது. நான் சொன்னபடி அந்தப் பெண் ஒன்று என்று சொல்லியிருந்தால், அந்தக் கை விஷயம் வெளியே வந்தே இருக்காது.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. கத்தி மேசைத் துணிக்கு உள்ளே கிடந்ததாக, சம்பவ இடத்தைப் போலீஸ் வரைந்த படத்திலேயே இருக்கிறது என்று நீதிபதி அம்மா எடுத்துக் காட்டினார். நான் முப்பது தடவையாவது புரட்டிய படம் அது. தனக்கே எதிராக உண்மையைச் சொன்ன தாய், மகளைப் பொய்க்குத் தயார் செய்திருப்பாள் என்று நம்ப இடமில்லை என்றார். விடுதலை.

வக்கீல் கைகொடுத்தார். தெருவிலிருந்து வந்தவர்கள் கைதட்டினார்கள். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மகளின் தோளைப் பிடித்து ஓரமாக, படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இப்ப கேக்கலாம், அதனால கேக்கறேன்" என்றாள். "அவன் கை கத்தியை எடுத்துச்சா? இல்ல, எனக்காகச் சொன்னியா? பொய்னா இப்பவே உள்ள போய் ஜட்ஜம்மாகிட்ட சொல்லிடறேன்."

சொல்லக்கூடியவள்தான்.

பெண் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்காகப் பொய் சொல்லணும்னா, ஒரு அடின்னு சொல்லியிருப்பேனேம்மா."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்தாள். பதினோரு மாதத்தில் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.