சாக்பீஸ் சமையலறை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கார் நிறுத்துமிடத்தின் தரையில் ஒரு சமையலறையை வரைந்தது. டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். அம்மா குனிந்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனாள். அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, எட்டுப் பேர் உட்காரும் மேசை, கதவு. எல்லாம் நிஜ அளவில்.

அம்மா கட்டடக் கலைஞர். மாணவர் விடுதிகளை மட்டுமே வடிவமைத்தாள். காகிதத்தை நம்பமாட்டாள். தரையில் வரைந்து, ஆளை உள்ளே நடக்கவிட்டுப் பார்ப்பாள். இந்த விடுதிக்குத் தூண், பீம் கணக்கெல்லாம் என்னுடையது.

"நீ மேசையில உட்காரு. நான் பரீட்சையில ஃபெயிலாகிட்டு வர்றேன். யார் மூஞ்சியிலயும் முழிக்கப் பிடிக்கல. உன்கிட்ட மாட்டாம என் ரூமுக்குப் போக முடியுதா, பாரு."

"முடியுதும்மா."

"சாப்பிடக் கூப்பிட்டா காதுல விழுமா?"

"நீ கூப்பிட்டா தெருவுக்கே விழும்."

"வாயைப் பாரு! ஏய், காலை எடுடி, அது சுவரு."

அப்போது விடுதி முதலாளி காரோடு வந்தார். நேராக மேசையின் மேல் நிறுத்தினார்.

"மேடம், இந்தச் சமையலறை இடத்துல ஒவ்வொரு மாடியிலயும் ரெண்டு ரூம் போடலாம். பசங்க இப்ப யாரு ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுறாங்க?"

"முதல்ல வண்டியை எடுங்க சார். எட்டுப் பேர் சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வண்டி நகரவில்லை.

அம்மா படித்த காலத்தில், முதல் விடுதியில் ஒரே கூடத்தில் பதினாறு கட்டில்கள். அழுவதென்றால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழவேண்டும். அதற்குள் வெளியே யாராவது கதவை இடிப்பார்கள். அடுத்த விடுதியில் தனியறை கிடைத்தது. அங்கே காய்ச்சலில் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் கதவைத் தட்டியவர் கட்டில் கணக்கெடுக்க வந்தவர். கட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்.

இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவுக்கு ரத்தம் கொதிக்கும். "அழறதுக்கு ஒரு கதவு வேணும். அழுது முடிச்சா வந்து உட்கார ஒரு மேசை வேணும். ரெண்டுல ஒண்ணு இல்லன்னா அது வெறும் கிடங்குடி."

அதனால்தான் அவள் கட்டிய விடுதிகளில் அறைக்கதவுகள் கெட்டியாக இருக்கும். சமையலறைக் கதவில் மட்டும் நீளமாக ஒரு கண்ணாடிப் பட்டை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம், பிடிக்கவில்லையென்றால் போகலாம்.

அடுத்த வியாழக்கிழமை விடியும்முன் அம்மா போய்விட்டாள். மூளையில் ரத்தக்கசிவு.

இரங்கல் கூட்டத்தில் பொறுமையின் வடிவம் என்றார்கள். சுத்தப் பொய். அம்மா கோபக்காரி. அந்தக் கோபத்தால் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் கிடைத்தது.

முதலாளியும் பேசினார். "செவ்வாய்க்கிழமையே மேடம் ஒத்துக்கிட்டாங்க. சமையலறை வேணாம், ரூமே போடுங்கன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க. பெரிய மனசு."

எனக்குப் பற்றியெரிந்தது. ஆனால் மறுக்க என்னிடம் என்ன இருந்தது? அந்த வாரம் அம்மா களைத்திருந்தாள். விடுதிப் பேச்சையே எடுக்கவில்லை. சாக்பீஸ் கோடுகளைக்கூட அவருடைய டயர்கள் தேய்த்துவிட்டிருந்தன.

காரியம் முடிவதற்குள் புது வரைபடம் வந்தது. நான்கு மாடியிலும் சேர்த்துக் கூடுதலாக எட்டு அறை, சமையலறை ஒன்றுகூட இல்லை. கட்டுமானப் பொறியாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். "அம்மாவோட கடைசி ஆசைம்மா" என்று ஃபோனில் குழைந்தார். நாக்கூசாமல்.

இன்று காலை கண்ணாடிக் கடைக்காரர் கூப்பிட்டார்.

"உங்கம்மா சொன்ன நாலு கண்ணாடியும் வெட்டி வெச்சிருக்கேன்மா. சமையலறைக் கதவுக்காம். வியாழக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்னாங்க, ஆளையே காணோம். ஃபோனும் எடுக்கல."

"எப்பண்ணே சொன்னாங்க?"

"அதுக்கு முதல் நாள், புதன்கிழமை. ஓரத்தை நல்லா தேய்ங்க, புள்ளைங்க கை படுற இடம்னு ஒரு மூச்சு திட்டிட்டு வேற போனாங்க."

புதன்கிழமை. அவர் சொன்ன செவ்வாய்க்கு மறுநாள்.

வரைபடத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நான்கு மாடிக்கு நான்கு கதவு, நான்கு கண்ணாடி. ஓரம் தேய்த்து, அந்தக் கடைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. அம்மா இன்னும் எடுக்க வரவில்லை.