காற்றாடியை நிறுத்தச் சொன்ன ஈஸ்வரி

"அப்பா, காத்தாடிய நிறுத்துங்க. குளுருது."

என் மகள் ஈஸ்வரி இப்படிச் சொன்ன மதியம், கிள்ளானில் தார் உருகும் வெயில். எங்கள் வீட்டுக் கூடத்துக் காற்றாடிக்கு எஜமானி அவள்தான். ஐந்தாம் நம்பருக்குக் கீழே வைத்தால் சண்டை. சளி பிடிக்கும் என்று என் மனைவி அஞ்சலை மூன்றில் வைப்பாள். இவள் எழுந்துபோய் ஐந்தில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வந்து உட்காருவாள். அப்படிப்பட்டவள் போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டு காற்றாடியை நிறுத்தச் சொன்னாள்.

அதுதான் முதல் அறிகுறி. நோய் இடி மாதிரி வந்து விழும் என்று காத்திருக்காதீர்கள். இப்படித்தான், ஒரு வார்த்தையில் வரும்.

ஈஸ்வரிக்கு டவுன் சிண்ட்ரோம் (உடம்பின் அணுக்களில் இருபத்தொன்றாவது குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கும் பிறவி நிலை). வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அது நோய் அல்ல. மருந்து கொடுத்துப் போக்குகிற காரியமும் அல்ல. தாய் செய்த பாவம், கிரகணத்தில் வெளியே போனது, மாசமாக இருக்கும்போது எதையோ பார்த்துப் பயந்தது எல்லாம் வெறும் கதை. என் மகளுக்கு நோய் பிறகுதான் வந்தது. வந்த நோயை அவள் பிறவியின் பெயரைச் சொல்லியே மூடப் பார்த்தார்கள். அவர்களை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. என்னைப் போலவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டாக்டர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா அப்பாவுக்காக இதை எழுதுகிறேன்.

நான் யார் என்று கேட்பீர்கள். கிள்ளானில் என்னைத் தெரியாதவன் இன்னும் ஒரு கல்யாணத்துக்கோ சாவுக்கோ போகாதவன். வாடகைக்கு வரும் பந்தல், மேடை, நாற்காலி எல்லாம் என்னுடையவை. எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றேன். இன்னொருவன் நாற்காலியை லோரியில் ஏற்றி இறக்கிக் கூலி வாங்கினேன். இன்று பக்கத்து ஊரான மேருவில் என் ஸ்டோர் இருக்கிறது, என் லோரி தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போகிறது. சுல்தான் கையால் டத்தோ பட்டம் வாங்கியவர்களும் என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்த நாற்காலிகளுக்குக் கல்யாணத்தன்று வெள்ளை உறை மாட்டி, முதுகுப் பக்கம் பட்டு ரிப்பனை வண்ணத்துப்பூச்சி மாதிரி முடிச்சுப் போடுவது ஈஸ்வரியின் வேலை. கற்றுக்கொள்ள அவளுக்கு நாளானது. கற்ற பிறகு மறக்கவில்லை. முடிச்சின் இரண்டு காதும் ஒரே அளவில் நிற்க வேண்டும். என் ஆட்கள் போட்டது கோணலாக இருந்தால் அவிழ்த்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவாள். இந்தப் பிள்ளைகளுக்குக் கோபமே வராது, எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள் என்று சொல்கிறவர்களை ஒரு நாள் அவளோடு கல்யாண ஹாலுக்கு அனுப்பிவைக்க எனக்கு ஆசை.

காற்றாடி நின்ற பிறகு முடிச்சுகள் தளர்ந்தன. ஒரு காது நீளமாகத் தொங்கியது. அவள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள். பிறகு குரல் கரகரத்தது. தோல் வறண்டது, சீப்பு நிறைய முடி வந்தது, முகம் உப்பியது. ஹாலில் நாற்காலி வரிசைக்கு நடுவே உட்கார்ந்தபடியே தூங்கினாள். சளி என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். கண் பட்டிருக்கும் என்று சுற்றிப் போட்டோம். எதற்கும் அசையவில்லை.

பெரிய டாக்டர் என்று பேர் வாங்கிய ஒருவரின் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அவர் ஈஸ்வரியைத் தொடவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே பேசினார்.

"அங்கிள், இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு இந்த வயசுல இப்படித்தான் லா. மூளை சீக்கிரம் வயசாயிடும். இனிமே ஒவ்வொண்ணா மறப்பாங்க. வீட்டுல வச்சு நல்லா பாத்துக்குங்க."

"டெஸ்ட் ஏதும் எடுக்க வேணாமா டாக்டர்?"

"எதுக்கு? டவுன் சிண்ட்ரோம்னு முகத்தைப் பார்த்தாலே தெரியுதே."

நான் கேட்டது டவுன் சிண்ட்ரோமைப் பற்றி அல்ல. அது முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நான் கேட்டது காற்றாடியைப் பற்றி.

அந்த வாரமே என் மனைவியின் தம்பி தர்மா தாம்பூலத் தட்டோடு வந்தான். அவனுடைய இளைய மகனுக்குக் கல்யாணம், பிரிக்பீல்ட்ஸில் ஹால். ஈஸ்வரி பிறந்தபோது, "எங்கயாச்சும் ஹோம்ல விட்டுடுங்க மச்சான், பத்து வயசு தாண்டாது" என்று சொன்ன வாய் அவனுடையது. அவளுக்குப் பத்து வயது முடிந்ததிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவன் வீட்டுக்கு ஒரு கேக் அனுப்புகிறேன். பாசத்தில் அல்ல.

சோபாவில் சரிந்து கிடந்தவளைப் பார்த்தான். "இவ்ளோ நாள் இருந்ததே பெருசு மச்சான். மனச தேத்திக்குங்க" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "தப்பா எடுத்துக்காதீங்க. மூத்த மருமக மாசமா இருக்கா. கல்யாணத்தன்னிக்கு ஈஸ்வரிய அழச்சிக்கிட்டு வரவேணாம். மாசமா இருக்கிற பொண்ணு கண்ணுல பட்டா... உங்களுக்குத் தெரியாததா?"

அஞ்சலை தம்பியைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். தட்டைத் தூக்கி அவன் மடியில் போட எனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது. ஆனால் எனக்கு அதைவிட நல்ல யோசனை வந்தது.

"நாற்காலியெல்லாம் நான்தான் போடுறேன் மச்சான். நீ கவலைப்படாம போ."

அவன் வாசலைத் தாண்டியதும் அஞ்சலையிடம் சொன்னேன். அந்த ஹாலில் உள்ள ஒவ்வொரு நாற்காலிக்கும் என் மகள் கையால்தான் ரிப்பன் ஏறும். அவன் அதில்தான் உட்கார வேண்டும்.

"உங்க வீம்புக்கு எம்புள்ளதான் கெடச்சாளா?" என்றாள் அஞ்சலை. "மொதல்ல அவ எந்திரிச்சு நிக்கட்டும். அப்புறம் ஒங்க சண்டைய வச்சுக்குங்க."

வழி காட்டியவர் எங்கள் வரிசை வீட்டு மலாய்க்கார அம்மா, கக் ரோஸ் (கக் என்றால் மலாயில் அக்கா). அவர் மகனுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஈஸ்வரியைப் பார்த்தவர், மலாயில் கேட்ட முதல் கேள்வியே, "தைராய்டு செக் பண்ணியாச்சா?" என்பதுதான். "என் மகனுக்கு வருஷா வருஷம் பார்ப்பாங்க. உங்க டாக்டர் சொல்லலையா?" சொல்லவில்லை அம்மா. அவர் மறந்துபோவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். நீளமான நடை, இரண்டு பக்கமும் பெஞ்சு. நம்பர் வரும்வரை ஈஸ்வரி என் தோளில் தூங்கினாள். உள்ளே இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்கிள், ஒரு நிமிஷம். ஈஸ்வரி, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு என்ன செய்யுது?"

எனக்குக் கோபம் வந்தது. என்னை யாரும் கைகாட்டி நிறுத்துவதில்லை. ஈஸ்வரி மெதுவாக நிமிர்ந்தாள். பதில் வர நேரமாயிற்று. டாக்டர் காத்திருந்தார்.

"கையி கனமா இருக்கு. உள்ள குளுருது. ரிப்பன் வர மாட்டேங்குது."

இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ரிப்பன் மறந்துபோகவில்லை, வர மாட்டேன் என்கிறது.

டாக்டர் அவள் கழுத்தின் முன்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார். "ஊசி எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், பயப்படக் கூடாது" என்று சொல்லி ரத்தம் எடுக்க அனுப்பினார். காது கேட்கிறதா, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா, மனசு சோர்ந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். முடிவு வந்ததும் எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். தைராய்டு (கழுத்தின் முன்பக்கம் இருக்கும் சிறு சுரப்பி, உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்வது அதில் சுரக்கும் நீர்) வேலை செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. அதனால் குளிர், வீக்கம், தூக்கம், மந்தம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும். மாத்திரையால் சரிக்கட்டலாம்.

"அப்ப அந்த மறதி வியாதி?" என்று கேட்டேன்.

"அது சிலருக்கு மத்தவங்களவிட சீக்கிரமே வரும் அங்கிள், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா குணப்படுத்தக்கூடியத எல்லாம் பார்த்து முடிச்ச பிறகுதான் அந்தப் பேச்சு."

இந்த ஒரு வரியை உங்கள் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பிள்ளையிடம் ஏதாவது மாறினால், அது டவுன் சிண்ட்ரோமால்தான் என்று யார் சொன்னாலும், சோதனை செய்த பிறகு சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

தைராக்சின் (அந்தச் சுரப்பு நீருக்குப் பதிலாகக் கொடுக்கும் மாத்திரை) காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. இதயத்துக்குச் சுமை ஏறாமல் சின்ன அளவில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். மாத்திரை போட்ட பிறகு ஒரு மணி நேரம் சாப்பாடும் கிடையாது, பால் டீயும் கிடையாது. அவள் டீயைப் பார்த்து முகம் சுருக்குவாள் என்பதால் நானும் குடிக்காமல் உட்கார்ந்தேன். எழுந்ததும் டீ இல்லாமல் லோரிச் சாவியைத் தொடாதவன் நான்.

ஒரே வாரத்தில் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. கல்யாணம் நெருங்கியது. கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, உறை மாட்டி, ரிப்பனை அவள் மடியில் வைப்பேன்.

"கட்டுமா பாப்பம்."

"நாளைக்கு."

மறுநாளும் அதே பதில். ஒரு நாள் நான் விடாமல் நச்சரித்ததும், ரிப்பனை எடுத்து என் மணிக்கட்டையும் நாற்காலிக் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் படுக்கப் போனாள். அஞ்சலை சிரித்த சிரிப்பு கக் ரோஸ் வீடுவரை கேட்டிருக்கும். அவிழ்க்கப் போனவன் அப்படியே நின்றேன். முடிச்சு இறுக்கமாக இருந்தது. ஒரு காது மட்டும் கொஞ்சம் நீளம்.

அடுத்த சில நாட்களில் ஒரு மதியம், கண் அயர்ந்திருந்த என் முகத்தில் காற்று அறைந்தது. கண் திறந்தால் காற்றாடி ஐந்தில் சுழல்கிறது. ஈஸ்வரி ஒன்றும் தெரியாதவள் போல சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அஞ்சலை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். நான் அழுகிற ஆள் இல்லை. கொஞ்ச நேரம் ஸ்டோர் பக்கம் போய்விட்டு வந்தேன்.

அவள் தேறியதும் நான் முதலில் போனது கோயிலுக்கு அல்ல, அந்தப் பெரிய டாக்டர் கிளினிக்குக்கு. ஈஸ்வரியும் வந்தாள். கதவைச் சாத்தாமல், வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "டாக்டர், நீங்க படிச்ச புக்குல எம் மகளுக்குக் கழுத்துன்னு ஒண்ணு இல்லையா?"

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் ஈஸ்வரி, "நீங்க எங்கிட்ட பேசவே இல்ல" என்றாள்.

அவர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "சாரி, ஈஸ்வரி."

"ம்" என்றாள். அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை பிரிக்பீல்ட்ஸ் ஹாலில் ஈஸ்வரி வரிசை வரிசையாக ரிப்பன் கட்டினாள். முன்பு இருந்த வேகம் இல்லை. இடையிடையே உட்கார்ந்தாள். ஆட்கள் உறை மாட்டிக் கொடுத்தார்கள், முடிச்சு முழுக்க அவள் கை. என் பங்குக்கு ஒரு வேலை செய்தேன். முன்வரிசையில் தர்மா உட்காரும் நாற்காலிக்கு மட்டும் உறை போடாமல் விடச் சொன்னேன். வெள்ளை வரிசையில் ஒரே ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. வீடியோவில் அவன் பேரப்பிள்ளைகள்வரை பார்க்கட்டும் என்று.

காலையில் வந்து பார்த்தால் அதற்கும் உறை ஏறியிருந்தது.

"நான் என்ன சொன்னேன்?"

"அசிங்கமா இருந்துச்சுப்பா" என்றாள் ஈஸ்வரி. வேலை விஷயத்தில் அவளிடம் பேசிப் பயனில்லை.

தர்மா பட்டு வேட்டியோடு வந்தான். அவளைக் கண்டதும் நின்றுவிட்டான். அவன் மனைவி ஓடிப்போய் மூத்த மருமகளை மறைத்துக்கொண்டாள். அந்தப் பெண் விலகி வந்தாள். "அத்தை, பார்க்கிறதால ஒண்ணும் வராது லா. எனக்கு இடுப்பு வலிக்குது, மொதல்ல உக்கார விடுங்க" என்றாள். ஈஸ்வரி அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நான் தர்மாவிடம் போனேன். வாரக்கணக்கில் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் இருந்தன. "மச்சான், ஒக்காரு. இந்த ஹால்ல உள்ள அத்தனை முடிச்சும் பத்து வயசு தாண்டாதவ போட்டது."

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சுண்டிப்போனது. உட்கார்ந்தான். அப்போது ஈஸ்வரி அவன் பின்னால் குனிந்து ரிப்பனைச் சரிசெய்தாள்.

"மாமா, சாயாதீங்க. அவுந்துடும்."

தாலி கட்டி முடியும்வரை அவன் சாயவில்லை. நிமிர்ந்து, பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் யோசித்த பழியெல்லாம் இதற்குப் பக்கத்தில் வர முடியாது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் காலைகள் மாறிவிட்டன. மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் நானும் அவளும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். வாழ்க்கையில் சும்மா உட்கார்ந்த நேரம் எனக்கு அதற்கு முன் கிடையாது. அது நஷ்டம் என்று நினைத்தவன், இப்போது அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுப்பதில்லை.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருக்கும்போது எனக்குக் குளிரெடுத்தது. "காத்தாடிய கொஞ்சம் கொறைம்மா" என்றேன்.

"வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அஞ்சலை அடுப்படியிலிருந்து சொன்னாள்.

ஈஸ்வரி எழுந்து வந்தாள். என் கழுத்தின் முன்பக்கத்தைத் தொட்டாள். "முழுங்குங்க" என்றாள். விழுங்கினேன்.

"வயசுன்னு சொல்லாதீங்கம்மா. ரத்தம் எடுக்கணும். அப்பா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

மருத்துவமனைக்கு நாளைக்குப் போகிறோம். காற்றாடியை மட்டும் அவள் குறைக்கவில்லை. போர்வையைக் கொண்டுவந்து என் மேல் சுற்றி, முனைகளைக் கழுத்துக்குப் பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டாள். பார்க்காமலே எனக்குத் தெரியும், இரண்டு காதும் ஒரே அளவு.

"சாயாதீங்கப்பா" என்றாள். "அவுந்துடும்."

நான் சாயவில்லை.