சைலன்சர் மாற்றிய பிறகு

போன வருடம் போளூரில் என் பைக்கின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, காது கிழிகிற மாதிரி சத்தம் போடும் வேறொன்றை மாட்டினேன். பைப்பில் கிளாம்பை முறுக்கிவிட்டு, "இன்னாண்ணா, சத்தம் போதுமா?" என்று மெக்கானிக் கேட்டபோது பெருமையாக இருந்தது.

தினமும் ஜவ்வாது மலைக்கு வேலைக்குப் போகிறவன் நான். வழியில் ஊர்க்காரர்கள் கையை ஆட்டித் திட்டுவார்கள். நான் இன்னும் முறுக்குவேன்.

ஒருநாள் காலை, சாமைக் கொல்லையிலிருந்து ஒருவர் ரோட்டுக்கு ஓடி வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். வாய் அசைந்தது, குரல் கேட்கவில்லை. இவரும் திட்டுகிறார் என்று நினைத்து, வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டுப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து, அங்கிருந்த டீக்கடையில் நின்றபோது அவரே என்னிடம் வந்தார். தலை மொட்டையாக இருந்தது.

"என் சம்சாரத்த பாம்பு கட்ச்சிட்ச்சிப்பா. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாம்னுதான் உன்ன கூப்ட்டேன். அப்புறம் வேற வண்டி வர ரொம்ப நேரமாய்ட்ச்சி. போற வழியிலயே போய்ட்டா."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்: "உம்மேல தப்பு இல்ல. அந்தச் சத்தத்துல உனக்கு எங்க கேட்ருக்கும்?"

அவரைப் பார்த்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ஆமாங்க, கேக்கலைங்க" என்றேன்.

அன்று மாலையே பழைய சைலன்சரை மாட்டிவிட்டேன். இன்றும் அந்த வழியாகத்தான் போகிறேன். என்னைப் பார்த்தால் அவர் தலையசைப்பார், நானும் அசைப்பேன். உண்மை தெரிந்தால் அவர் என்னை மன்னிப்பாரா என்று தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியம் இதுவரை எனக்கு வரவில்லை.