கறுப்புக் கோட்டுக்குள் அப்பா

ஒன்பது வயதில் எனக்கு வீட்டில் ஒரு உத்தியோகம் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் தபால் பெட்டிக்குள் செருகிவிட்டுப் போகிற உள்ளூர் இலவசப் பேப்பரை எடுத்துவந்து, குசினி வாசலில் இருந்துகொண்டு அம்மாவுக்குத் தமிழில் வாசித்துச் சொல்லவேண்டும். அம்மாவுக்கு இங்கிலிஸ் தெரியாமல் இல்லை. வாசித்தால் தலையிடிக்கும் என்பா. எனக்கோ அந்தப் பேப்பரில் பைத்தியம். நாங்கள் குடியேறியிருந்த பாபடோயிட்டோயைத் தாண்டி உலகத்தில் ஒரு இடமும் கிடையாது என்ற நினைப்பில் நடத்தப்பட்ட பேப்பர் அது. யாருடைய பூனை காணாமல் போனது, எந்தத் தெருவில் குப்பை எடுக்கிற நாள் மாறுகிறது, எந்தச் சந்தியில் கார் இடித்து வேலி சரிந்தது, எல்லாம் வரும். பூனைச் செய்தி வந்தால் அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு, "பூனைக்கும் படம் போட்டுத் தேடுறாங்களே, குடுத்து வைச்ச பூனை" என்று பெருமூச்சு விடுவா.

பெருமூச்சுக்குக் காரணம் இருந்தது. அந்த வருசம் எங்கள் வீடு வேறொரு செய்திக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அப்பாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா, வன்னியில் எங்கேயோ இருந்தார். அவரிடமிருந்து கடிதம் வந்து மாதக்கணக்காகிவிட்டது. கொழும்பில் இருந்த அத்தைக்கு, அதாவது தன் அக்காவுக்கு, அப்பா மாதம் ஒருமுறை போன் எடுப்பார். சின்னவன் சுகமாய் இருக்கிறான், பாதை பூட்டிக் கிடக்கிறது, அதனால்தான் கடிதம் இல்லை என்று அத்தை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் சொல்லுவா. போனை வைத்தபிறகு அப்பாவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, "அவனுக்கு ஏதும் எண்டால் நான் இஞ்சை இருக்கமாட்டன். அடுத்த பிளேனிலை போயிடுவன்" என்பார். அம்மாவின் முகம் கறுத்துவிடும். எங்களுக்கு இன்னும் ரெசிடென்ஸ், அதுதான் நிரந்தரமாய் இருக்கிற உரிமை, கிடைக்கவில்லை. அப்பா ஒருமுறை வெளியே போனால் திரும்பி உள்ளே வரமுடியுமோ என்று யாருக்கும் தெரியாது. போய் இறங்குகிற இடத்திலும் சண்டை.

இலையுதிர் காலம் வந்துவிட்டால் அந்தப் பேப்பருக்குக் கொண்டாட்டம்தான். பள்ளிக்கூடக் களியாட்டம், தேவாலயத்தில் ஜாம் விற்பனை, நூலகத்தில் பழைய புத்தக விற்பனை, எங்கள் வீட்டில் பீஜோவாப் பழம் கொட்டிக் கிடக்கிறது வந்து அள்ளிக்கொண்டு போங்கள் என்ற அறிவித்தல்கள். அவற்றுக்கு நடுவில் ஒருநாள், ஊர் மண்டபத்தில் இலையுதிர்காலக் கண்காட்சி என்று போட்டிருந்தது. டேலியாப் பூ, பூசணிக்காய், ஸ்கோன் எல்லாவற்றுக்கும் பரிசு. கடைசியில் 'வித்தியாசமான மரக்கறி' என்றும் ஒரு பிரிவு. நான் இதை வாசிக்கும்போது வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பா, கோப்பையை வைத்துவிட்டுப் பின்வளவுப் பக்கம் பார்த்தார்.

பின்வளவில் புடலங்காய் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் வங்கியில் எழுதுவினைஞராக இருந்த அப்பா, இங்கே பக்கத்தில் விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். அந்தக் கவலைக்கோ என்னவோ, அம்மா உடுப்புக் காயப்போடுகிற கம்பியில் பாதியைப் பறித்துப் பந்தலாக்கிப் புடோல் கொடி ஏற்றியிருந்தார். காய் வளையாமல் நேராக இறங்குவதற்கு ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கல். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் இதைக் கனநாள் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்கமுடியாமல், இது ஏதும் சமயச் சடங்கோ என்று என்னைக் கேட்டார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லுகிற பஞ்சி, சோம்பல்தான்.

கண்காட்சிக்கு அப்பா கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். புடலங்காய்க்கு எதற்கு ரை என்று அம்மா கேட்டதற்கு, நாலு பேர் கூடுகிற இடம் என்றார். தெரிந்தெடுத்த காயைக் கல்லும் கட்டும் அப்படியே இருக்க, பச்சைப்பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். அந்தப் பிரிவில் மொத்தம் மூன்று மரக்கறிதான். மற்ற இரண்டில் ஒன்று, கால் இரண்டாகப் பிரிந்த கரட். தீர்ப்புச் சொல்ல வந்த மனிசி கல்லை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, பிறகு பயபக்தியோடு திரும்பக் கட்டிவிட்டா. முதல் பரிசு எங்களுக்கு.

பிறகுதான் நான் அந்த நாள் முழுக்க எதிர்பார்த்த ஆள் வந்தான். பேப்பர்க்காரன், கமராவோடு. எங்கள் வகுப்பில் ஒருத்தியின் படம் நீச்சல் போட்டிக்காகப் பேப்பரில் வந்ததில் இருந்து அவளோடு கதைக்கவே ஏலாமல் இருந்தது. இந்தச் சந்தர்ப்பத்தை விடுவேனா? ஒரு கதிரையை இழுத்து அதில் ஏறி, அப்பாவுக்குப் பின்னால் நின்று, அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. படம் பிடிக்கும்போது சிரிக்கிறது மரியாதையில்லை என்பது அவர் கொள்கை. கமராக்காரன் எவ்வளவோ பகிடி விட்டுச் சிரிக்கவைக்கப் பார்த்தான். மனிசன் அசையவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பேப்பரைத் தெருவிலேயே பிரித்தேன். வெற்றி பெற்றவர்களை மார்பளவுக்கு மட்டும் வெட்டி, ஒவ்வொன்றையும் தடித்த கறுப்புக் கோட்டுப் பெட்டிக்குள் போட்டு வரிசையாக அடுக்கியிருந்தார்கள். டேலியாக்காரி சிரித்தா, ஸ்கோன்காரி சிரித்தா. அவர்களுக்குப் பக்கத்தில் ரை கட்டிய எங்கள் அப்பா, நெற்றியில் திருநீற்றோடு, உலகத்தை வெறுத்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். புடலங்காய் இல்லை. நானும் இல்லை. அப்பாவின் தோளில் என் நாலு விரல் மட்டும் இருந்தது. அழுகை அழுகையாக வந்தது. படத்துக்குக் கீழே பெயர் போட்ட இடத்திலும் என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

படத்தைப் பார்த்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டா. "உயிரோடை இருக்கிற மனிசனுக்குக் கறுப்புக் கோடு போட்டிருக்கிறாங்கள், நாசமாய்ப் போவாங்கள்!" அம்மாவைக் குறை சொல்லமுடியாது. எங்கள் ஊர்ப் பேப்பரில் சாதாரண ஆட்களின் படம் வருவது வாழ்க்கையில் ஒரேயொரு தரம்தான். அதைப் பார்க்க அந்த ஆள் இருக்கமாட்டார். கறுப்புக் கட்டம், ரை, திருநீறு, சிரிக்காத முகம், எல்லாம் அச்சொட்டாக அதே மரண அறிவித்தல். அம்மா அப்பாவை வாசலில் இருத்தி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டா. புகை எச்சரிக்கை மணி அடித்து, பக்கத்து வீட்டுக் கிழவர் ஓடிவந்தார். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

அந்தக் கிழமை எங்களுக்குத் தெரிந்த ஒருவர் கொழும்புக்குப் போக இருந்தார். அவரிடம் கொடுத்துவிட ஒரு பார்சல் கட்டினார்கள். அதில் அப்பாவின் நல்ல சட்டைகள் நாலும் ஒரு கம்பளி மேற்சட்டையும். சித்தப்பாவுக்கு. வன்னியில் உடுப்புக்குத் தட்டுப்பாடாம், பாதை திறந்ததும் அத்தை எப்படியும் சேர்ப்பித்துவிடுவா என்று அப்பா ஒவ்வொரு சட்டையாகத் தன் கையால் ஸ்திரி போட்டார். பேப்பர்ப் படத்தையும் வைப்போமா என்று கேட்டார். அம்மா துள்ளி எழும்பினா. அதைக் கண்டால் அங்கே ஒருத்திக்கு நெஞ்சு வெடித்துவிடும், வைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. பார்சலோடு கடிதமும் வைக்கவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை போனில் கதைக்கலாம் என்றார். அந்த ஞாயிறு எத்தனை தரம் எடுத்தும் லைன் கிடைக்கவில்லை.

படத்தை வைத்தது நான். அத்தை என் விரல்களையாவது பார்க்கவேண்டும் என்றுதான். என் பெயர் இல்லாத அந்தக் கீழ்வரி எனக்கு எதற்கு? அதை வெட்டி எறிந்துவிட்டு, கறுப்புக் கோட்டோடு ஒட்ட அழகாகக் கத்தரித்து, மேலே இருந்த சட்டையின் பைக்குள் செருகிவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் அம்மா உடுப்பு எடுக்கப் பின்வளவுக்குப் போயிருந்தா. போன் அடித்தது. எடுத்து ஹலோ சொன்னேன். மறுபக்கத்தில் ஒப்பாரி.

"என்ர குஞ்சு, உங்களைத் தவிக்க விட்டிட்டானே! சின்னவன் செல்லடியிலை செத்து ஒரு வருசம் முடியேல்லை, அவன்ர திவசம் வர முதல் இவனும் செத்துப்போனானே! ஒருத்தரும் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே, உடுப்பை மட்டும் அனுப்பிவிட்டிட்டியளே!"

குரலில் அத்தை என்று தெரிந்தது. என்ன சொல்லுவது என்று தெரியாமல், தெரிந்ததைச் சொன்னேன். "அப்பா வேலைக்குப் போயிட்டார் அத்தை. அஞ்சு மணிக்குத்தான் வருவார்."

ஒப்பாரி நின்றது. "ஆர்?"

"அப்பா."

"ஆற்றை அப்பா?"

"என்ர அப்பா. அது புடலங்காய்க்குப் பிரைஸ் கிடைச்சதுக்குப் போட்ட படம்."

"புடலங்காய்க்கோ!" என்று அத்தை கத்தினா. பிறகு சிரித்தா. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று சொல்லமுடியவில்லை. செத்தார் என்று நினைத்து அழுததைவிட உயிரோடு இருக்கிறார் என்று கேட்டு அதிகநேரம் அழுதா. எனக்கு வேறு பயம். அம்மா வந்துவிட்டால் நான் துலைந்தேன். படத்தைக் களவாய் வைத்தது நான்தான், வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் என்று அவசரமாகக் கெஞ்சினேன்.

அத்தை மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் சொல்லமாட்டன். நீயும் சித்தப்பா செத்த கதையை அப்பாவிட்டைச் சொல்லிப்போடாதை. தெரிஞ்சால் வெளிக்கிட்டு வந்திடுவான். வந்தால் இவனையும் குடுத்திடுவன். அம்மாவிட்டையும் சொல்லாதை, அவ மறைக்கமாட்டா. நீ கெட்டிக்காரியெல்லே?" என்றா.

ஓம் என்றேன். எனக்கு அது நல்ல நியாயமாகவே பட்டது. ஒன்றுக்கு ஒன்று. சித்தப்பாவை விட்டு வெளிக்கிடும்போது எனக்கு நாலு வயது. ஒரு சைக்கிள் மணிச் சத்தத்தைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அவர் செத்துப்போனார் என்பது எனக்கு விளங்கியது. அதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்பதுதான் விளங்கவில்லை. அடியில் இருந்து தப்பிவிட்டேன் என்ற சந்தோசம் பெரிதாக இருந்தது.

கூடையோடு வந்த அம்மா யார் போனில் என்று கேட்டா. அத்தை, ஆனால் லைன் அறுந்துவிட்டது என்றேன். வேலையால் வந்த அப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பார்சல் கிடைத்ததாமோ என்று கேட்டார்.

"ஓம்."

"சின்னவனுக்கு அளவாய் இருக்குமாமோ?"

"ஓம் அப்பா, அளவாய் இருக்குமாம்."

"அவனுக்குத் தோள் அகலமெல்லே, அதுதான் யோசிச்சனான்" என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பொய் சொல்லுவது இவ்வளவு இலகு என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகும் அப்பா மாதாமாதம் போன் எடுத்தார். அத்தை பாதை பூட்டு என்றா. கடைசியில் என்னிடம் போனைத் தரும்போது, நல்லபிள்ளையாய் இருக்கிறியோ என்று கேட்பா. நானும் ஓம் என்பேன். ஒரு பெரிய மனிசியோடு எனக்கு ஒரு உடன்படிக்கை இருக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த கோடையில் எங்களுக்கு ரெசிடென்ஸ் கிடைத்தது. கையில் கடதாசி இருந்தால் போனாலும் திரும்பி வரலாம் என்ற தைரியத்திலோ, இனியும் சுமக்க ஏலாது என்றோ, அந்தக் கிழமையே அத்தை அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டா. போனை வைத்த அப்பா வெளியே போய், நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி இருந்துகொண்டார். அம்மா உள்ளே அழுதுகொண்டிருந்தா. வெகுநேரத்துக்குப் பிறகு என்னிடம் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டா.

அப்பா கோப்பையை வாங்கவில்லை. "உனக்கு முதலே தெரியுமாம். அத்தை சொன்னவ" என்றார்.

அத்தை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டா! தேத்தண்ணி கையில் தளும்ப, தேம்பித் தேம்பி அழுதேன். "நான்தான் அப்பா படத்தைச் சட்டைப் பையுக்குள்ளை வைச்சனான். அம்மா வேண்டாம் எண்டு சொல்லியும் வைச்சிட்டன். இனிமேல் செய்யமாட்டன்."

அப்பா என்னைக் கனநேரம் பார்த்தார். பிறகு கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தன் சட்டைக் கையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். "படம் பரவாயில்லையம்மா" என்றார்.

இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. அடியும் இல்லை, பேச்சும் இல்லை. துள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டேன். மாதாமாதம் அவர் போனை வைத்துவிட்டு, சின்னவன் சுகமாம் என்று எங்களுக்குச் சொன்னபோதெல்லாம் நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தேனே, அதைத்தான் அப்பா கேட்டார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.