மாறாத இன்ஷியல்

போன வாரம் வங்கியில் ஒரு கூத்து. பாஸ்புக்கில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இன்ஷியல் இருக்கிறது, ஆதாரில் வீட்டுக்காரரின் இன்ஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுபது வருஷமாக ஒரே ஆளாகத்தான் இருந்துவருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பிள்ளை. சிரித்துக்கொண்டே ஒரு படிவத்தை நீட்டி, "வேற பேரு எதுலயும் உங்களுக்கு ரெக்கார்டு உண்டாம்மா?" என்று கேட்டாள். பேனா மூடியைக் கழற்றியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒன்று இருந்தது. பெயர் என்றும் சொல்ல முடியாது, நம்பர் என்றும் சொல்ல முடியாது.

வி, யு, இரண்டு என்று தொடங்கும். அதற்குப் பின்னால் மூன்று எழுத்து. அந்த மூன்றை மட்டும் உங்களிடம் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

அமெச்சூர் ரேடியோ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஹாம் என்றும் சொல்வார்கள். வீட்டு மூலையில் சின்னதாக ஒரு வயர்லெஸ் நிலையம் வைத்துக்கொண்டு, லாப நோக்கம் எதுவும் இல்லாமல், முகம் தெரியாத ஊர்க்காரர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. பேச்சு என்று பெயர்தான். எங்கள் காலத்தில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு வாய்ப்பேச்சு கிடையாது, மோர்ஸ் தட்டல் மட்டும்தான். பரீட்சையில் தேறினால் டெல்லியிலிருந்து ஒரு கால் சைன் வரும். அந்தக் குறி உலகத்தில் இன்னொருவருக்கு இருக்காது. முதல் எழுத்துகள் நாட்டைக் காட்டும். வி யு என்றால் இந்தியா. கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்புக்காரர்களுக்கு நான்கு, எஸ், ஏழு. கடைசி எழுத்துகள் ஆளைக் காட்டும். ஆணா பெண்ணா, என்ன சாதி, கல்யாணம் ஆகிவிட்டதா என்று எதுவும் அதில் தெரியாது. நிலையத்தைத் திறந்தால் குறியைத் தட்டியாக வேண்டும், மூடும்போதும் தட்டியாக வேண்டும். ஒருவரைக் கூப்பிடும்போது அவர் குறி முதலில், நம் குறி பின்னால். யார் கிடைத்தாலும் சரி என்றால் 'சி க்யூ' என்று தட்டிவிட்டு நம் குறியை மூன்று முறை தட்ட வேண்டும். என்னுடையதன் தொடக்கம் டிடிடிடா, டிடிடா, டிடிடாடாடா. நேற்று சாப்பிட்டது மறந்துபோகிறது, இது மறக்கமாட்டேன் என்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் அப்பா. தூத்துக்குடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பற்றவைக்கும்போது ஈயம் உருகுகிற வாசனையும் உப்புக்காற்றும் கலந்து அடித்தால் இன்றைக்கும் எனக்கு அப்பா வந்துவிட்டார் என்றுதான் தோன்றும். தோணிக்காரர்கள் கொண்டுவரும் செட்டைத் திறந்தால் உள்ளே உப்புப் பூத்துக் கிடக்கும். அப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிராளி சொல்லி முடிக்கும்வரை பொறுக்க மாட்டார். "அண்ணாச்சி, இந்த ரேடியோ காலையில நல்லாப் பாடுது, மத்தியானம் ஆச்சுன்னா..." என்று ஒருவர் ஆரம்பிப்பார். "கரகரங்கும். வச்சிட்டுப் போ" என்று இவர் முடித்துவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அந்தப் பழக்கம்தான் பரீட்சையில் அவரைக் கவிழ்த்தது. மோர்ஸ் சத்தம் வரவர எழுத்தெழுத்தாக எழுத வேண்டும். அப்பா பாதி வார்த்தை வந்ததும் மீதியைத் தானே எழுதிவிடுவார். வந்தது வேறாக இருக்கும். இரண்டு தடவை மெட்ராஸுக்குப் போய் இரண்டு தடவையும் தோற்று வந்தார். வீட்டில் அவருக்குப் பயிற்சி கொடுக்கத் தட்டிக் காட்டியவள் நான். அப்போது ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். புதுத் துறைமுகம் வந்த புதிது, விரலுக்கு ஓய்வில்லாத வேலை. மூன்றாம் தடவை, துணைக்குத்தானே வருகிறோம் என்று நானும் விண்ணப்பம் போட்டேன். நான் தேறினேன், அப்பா தோற்றார். திரும்பி வரும் ரயிலில் விருதுநகர்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம், "பரவால்ல ஏளா. வீட்டுல ஒருத்தருக்கு இருந்தாப் போதும்லா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் வீட்டுக்கு விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் அப்பாதான் விண்ணப்பதாரர் என்று நினைத்து அவரையே அரை மணி நேரம் கேள்வி கேட்டார். நான்தான் என்று தெரிந்ததும், "பொம்பளப்பிள்ளைக்கு என்னத்துக்கு வயர்லெஸு?" என்றார். போகும்போது தன் டிரான்சிஸ்டரை இலவசமாக ரிப்பேர் செய்து வாங்கிக்கொண்டு போனார்.

லைசென்ஸ் வந்தது. யார் பெயரில் குறி இருக்கிறதோ அவர் கைதான் கீயில், அதாவது மோர்ஸ் தட்டுகிற கட்டையில், படலாம். பழைய வால்வுகளைத் தேடிப் பிடித்துச் செட்டைச் செய்தவர் அப்பா, மாடியில் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டியவர் அப்பா, கம்பியில் ஏறும் பச்சைக் களிம்பை மாதாமாதம் தேய்ப்பவரும் அப்பா. கீயை மட்டும் ஒரு நாளும் தொட்டதில்லை. நான் ஆபீஸிலிருந்து வரும்வரை என் முக்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். பெங்களூரோ கொழும்போ பதில் சொன்னால், என் தோளுக்கு மேல் குனிந்து வழக்கம்போல மீதியை முந்திக்கொண்டு சொல்லுவார். நான் "சும்மா இருங்கப்பா" என்பேன். இதே ரீதியில் இரண்டு வருஷம் ஓடியது.

பிறகு ஏரலில் இருந்து மாப்பிள்ளை வந்தார். பாத்திரக்கடைக் குடும்பம். கல்யாணம் என்றால் ஒரு பெண்ணுக்கு என்னவெல்லாம் மாறும் என்று உங்களுக்குத் தெரியும். வீடு, ரேஷன் கார்டு, இன்ஷியல் எல்லாம் மாறியது. குறி மாறவில்லை. அது எனக்குக் கொடுத்தது, என்னோடு வரும். ஆனால் லைசென்ஸில் நிலையத்தின் முகவரியும் எழுதியிருக்கும். நான் ஏரலுக்குப் போனால் முகவரியும் ஏரலுக்குப் போகும், தூத்துக்குடி வீட்டில் கீயைத் தொட ஆளில்லை. மூன்று தடவை பரீட்சைக்குப் போன மனுஷரின் வீட்டிலிருந்து குறியை நான் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன் என்பது நிச்சயம் முடிந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். சீர் வண்டியில் குத்துவிளக்குக்கும் அண்டாவுக்கும் நடுவில் சாக்கில் சுற்றி அந்தச் செட்டை ஏற்றிவிட்டார். "அங்கன சும்மா கெடந்தாலும் கெடக்கட்டும். ஒன்னோட பொருள்லா" என்றார். ரிசீவர் ஒன்றை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார். கேட்பதற்குக் கால் சைன் தேவையில்லை.

முகவரி மாற்றத்துக்கு எழுதிப் போட்டு, ஏரல் வீட்டுக்கும் போலீஸ் வந்து, டெல்லியிலிருந்து தாள் வர ஏழெட்டு மாதம் ஆனது. வீட்டுக்காரர் ஆள் வைத்துத் தென்னை மரத்துக்கும் மாடிக்கும் நடுவே கம்பியைக் கட்டிக் கொடுத்தார். மறுநாளே அத்தை அதில் ஈரப் புடவையை உலர்த்திவிட்டார். "ஏளா, ஒங்க ஊர்ல செம்புலயா கொடி கட்டுவாங்க?" என்று பெருமையாக வேறு கேட்டார். அத்தை என்றால் என் மாமியார்.

மத்தியானம் இரண்டரை மணிக்குத்தான் எனக்கு ஓய்வு. அப்பாவும் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வரும் நேரம். முதல் நாள் சி க்யூ தட்டி என் குறியை மூன்று முறை அனுப்பினேன். பதிலில்லை. மூன்றாம் நாள் ஓர் அஞ்சலட்டை வந்தது. கேட்பவர்கள் அனுப்புகிற முறையான அறிக்கை. மேலே என் குறி, கீழே தேதி, நேரம், 579 என்று மதிப்பெண். முதல் எண் எவ்வளவு புரிந்தது என்பதற்கு, அதற்கு உச்சம் ஐந்து. அடுத்தது பலம், கடைசி தொனி. இரண்டுக்கும் உச்சம் ஒன்பது. பெற்ற மகள் என்று பாராமல் பலத்தில் இரண்டைக் குறைத்திருந்தார். அதற்குக் கீழே அப்பாவின் கோணல் கையெழுத்தில் 'சளி பிடித்திருக்கிறதா?' என்று ஒரு வரி. பிடித்துத்தான் இருந்தது.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஏற்பாடு. வீட்டு விஷயத்தைத் தட்டக் கூடாது, சட்டம். என்னால் அனுப்ப முடிந்தது என் குறி மட்டும்தான். ஏதாவது வெளியூர் நிலையம் பதில் சொன்னால் மரியாதைக்குப் பேசி முடிப்பேன். வாரம் ஒன்றிரண்டு அட்டை வரும். 'நேற்று அவசரமாகத் தட்டினாய், அடுப்பில் பாலா?' என்று இருக்கும். பரீட்சையில் அவரைத் தோற்கடித்த அதே பழக்கம். நான் சொல்லாததை அவர் முடித்துக்கொண்டார்.

பிரச்சினை பக்கத்து வீடுகளிலிருந்து வந்தது. அந்த நேரத்தில்தான் தெருவே சிலோன் ரேடியோவில் பாட்டுக் கேட்கும். என் தட்டல் அத்தனை ரேடியோவிலும் டொக் டொக்கென்று விழுந்திருக்கிறது. ஒருவர் வந்து பாட்டுக்குள் தவளை கத்துகிறது என்றார். இன்னொருவர் கடையிலேயே போய்ச் சண்டை போட்டார். அத்தை என்னைக் கூப்பிட்டு, "போலீஸ் வந்ததையே இன்னும் கேக்காவ. இப்ப தெருவோட பகை. வேண்டாம் ஏளா, எழுதிக் குடுத்துரு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன், தணிவாகச் சொன்னார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குறியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக டெல்லிக்குக் கடிதம் எழுதினேன். தபாலில் போடுவதற்கு முன் அன்று மத்தியானம் கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பா வந்து நின்றார். ஒரு கையில் மக்ரூன் பொட்டலம், மறு கையில் கருவிப்பை.

"என்னப்பா, சொல்லாமக் கொள்ளாம?"

"குறிய மூணு தடவதான தட்டுவ? நேத்து ஏழு தடவ தட்டுன. விட்டுட்டுப் போறவ கணக்கால்லா இருந்துது."

எண்ணிக்கொண்டா தட்டினேன்? எனக்கே தெரியாது. அவர் நேராகச் செட்டிடம் போனார். செட்டைத் திறந்து கீயோடு ஏதோ கண்டன்சரும் சுருளும் சேர்த்தார், தரையில் குழி தோண்டி எர்த் கம்பி இறக்கினார், தெருவில் நாலு வீட்டு ரேடியோவைக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்தார். என்னைத் தட்டச் சொல்லிவிட்டு ஒவ்வொரு வீட்டிலும் போய் நின்று கேட்டார். தவளை ஓய்ந்துவிட்டது. சாப்பாடு போடும்போது அத்தை கேட்டார்: "அண்ணாச்சி, தெனமும் என்னத்தத்தான் சொல்லுதா ஒங்ககிட்ட?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா தங்கச்சி. சொல்லவும் கூடாது. பேரு மட்டுந்தான்."

"வெறும் பேரா?"

"வெறும் பேருதான்."

அத்தை இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார். சாப்பிட்ட இலையை எடுக்கும்போது, என்னைப் பார்க்காமல், "இனிமே ரெண்டர மணிக்குக் கம்பியில துணி கெடக்காம நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அத்தையை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். டெல்லிக் கடிதம் அடுப்புக்குப் போனது.

தலைப்பிரசவத்துக்குத் தூத்துக்குடி வந்தேன். செட்டும் கூடவே வந்தது. தற்காலிகமாக அங்கிருந்து இயக்க அப்பா முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கி வைத்திருந்தார். பழைய மூலை, பழைய முக்காலி. ஆசையாக உட்கார்ந்து குறியைத் தட்டப் போனேன்.

"பின்னால ஸ்ட்ரோக் பி போடு" என்றார் அப்பா.

சொந்த முகவரியில் இல்லாமல் வெளியிடத்திலிருந்து இயக்குகிறவர்கள் குறிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் பி என்ற எழுத்தும் சேர்க்க வேண்டும்.

"இது நம்ம வீடுல்லாப்பா?"

"வீடு ஒன்னோடதுதான். லைசென்ஸ்ல ஏரல்னுல்லா போட்டிருக்கு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பிறந்த வீட்டில், அவர் துடைத்துப் போட்ட முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் வெளியாள் என்று ஊருக்குத் தட்டினேன். மூன்று முறை. தட்டி முடித்துத் திரும்பினால், அப்பா பக்கத்து அறையில் ரிசீவரை வைத்துக் கேட்டுவிட்டு ஓர் அஞ்சலட்டையைக் கையில் நீட்டுகிறார். 599. வாழ்க்கையில் அவர் எனக்குப் போட்ட ஒரே முழு மதிப்பெண். பக்கத்து அறையில் கேட்டால் வேறு என்ன வரும் என்று சிரித்தேன். கீழே எப்போதும் இருக்கும் ஒரு வரி அதில் இல்லை.

எழுபதுகள் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். கடையில், திறந்து வைத்த ஒரு ரேடியோவுக்கு முன்னால். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஏரலுக்குத் திரும்பியதும் இரண்டரை மணிக்கு உட்கார்ந்தேன். சி க்யூ, என் குறி மூன்று முறை. கொழும்பிலிருந்து ஒருவர் உடனே பதில் சொன்னார். நல்ல பலம், நல்ல மனுஷன், நன்றி சொல்லி முடித்தேன். சி க்யூ என்றால் யாராக இருந்தாலும் சரி என்று அர்த்தம். அத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் அந்த அர்த்தத்தில் தட்டியதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த தடவை லைசென்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த தாளை நான் நிரப்பவில்லை. பிள்ளைகளோடு நேரமில்லை என்று வீட்டில் சொன்னேன். அது பொய்.

அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ஏரல் தென்னை ஒரு புயலில் விழுந்தது. செம்புக் கம்பி கடைசியில் நிஜமாகவே துணிக்கொடியாகக் கிடந்து அற்றுப்போனது. குறியை டெல்லிக்காரர்கள் வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். அதனால்தான் அந்த மூன்று எழுத்தை உங்களிடம் சொல்லவில்லை. அது இப்போது யாரோ ஒரு பிள்ளையுடைய பெயராக இருக்கும், நான் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது.

"உண்டாம்மா?" என்று வங்கிப் பெண் மறுபடி கேட்டாள். 'இல்லை' என்று எழுதினேன். ஆதாரில் உள்ளபடியே மாற்றிவிடுகிறேன் என்று பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு போய், கொஞ்ச நேரத்தில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பழையது, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அப்பா கூட்டிக்கொண்டு போய்த் தொடங்கிய கணக்கு. அவருடைய எழுத்து என் பெயருக்கு முன்னால் மிச்சமிருந்தது அதில் மட்டும்தான். வீட்டுக்கு வந்து பார்க்கும்வரை அது எனக்குத் தோன்றவே இல்லை.