நண்டைக் குடிபெயர்த்தவர்

எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரர் ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்பவர். கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துவது வேலை. மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் சொந்த வீட்டில் கோட்டை விட்டார்.

மனைவி போய்ச் சேர்ந்தபிறகு அந்த வீட்டில் அவருக்கு மிஞ்சிய துணை கூடத்துக் கடல்நீர்த் தொட்டிதான். நடுவில் மான்கொம்பு மாதிரி கிளைத்த ஊதாப் பவளம். விரல் நீளத் துண்டாக வாங்கி அந்த அம்மா வளர்த்தது. அதன் கிளை இடுக்கில் பட்டாணி அளவு நண்டு ஒன்று இருந்தது. 'குடித்தனக்காரர்' என்று அந்த அம்மா அதற்குப் பெயர் வைத்திருந்தார். தொட்டிக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். வேலை முடிந்து வந்தால் ஒன்றில் அவர் உட்காருவார். மற்றதில் யாரையும் உட்காரச் சொல்லமாட்டார். நானும் தனிக்கட்டைதான், பேச ஆள் தேடிப் போவேன். கதவில் சாய்ந்து நின்றபடியே பேசிவிட்டு வருவேன்.

வாராவாரம் வெளிநாட்டிலிருந்து மகள் கூப்பிடுவாள். "தனியா என்னப்பா பண்றீங்க? இங்க வந்துடுங்க."

"அம்மாவோட பவளத்தை யாரும்மா பாத்துப்பா?"

அந்த ஒரு சாக்கில்தான் மனிதர் அந்த வீட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். பவளம் போனால் சாக்கும் போய்விடும்.

அந்தப் பவளம் அடியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. வெளுத்த இடத்திலேயே நண்டு நின்று கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தது. போதாதா?

"கையும் களவுமா பிடிச்சிட்டேன் தம்பி," என்றார். பவளத்தை வெளியே தூக்கி, சிரிஞ்சில் சோடாவை நிரப்பி, நண்டு இருந்த இடுக்கில் பீய்ச்சினார். சோடாவின் வாயுவில் மயங்கி நண்டு தள்ளாடி விழுந்தது. கொல்ல மனம் வரவில்லை. தொட்டியோரம் தொங்கிய டப்பாவில் தனியாக விட்டு, வேளை தவறாமல் தீனி போட்டார்.

பவளத்தின் அடியில் சில நத்தைகள் ஒட்டியிருந்தன. கண்ணாடியில் படியும் பாசியை நத்தை மேயும், நல்ல ஜீவன் என்பது தொட்டி வைத்திருப்பவர்களின் பாலபாடம். அவற்றைப் பெருமையாகக் காட்டினார். எனக்கென்னவோ அந்த மூஞ்சிகளைப் பிடிக்கவில்லை. என்னை யார் கேட்டார்கள்?

நண்டு போனதும் வெளுப்பு வேகமெடுத்தது. கடைசியில் வளர்ப்பு மீன் கடைப் பெண்ணை வீட்டுக்கே கூட்டிவந்தார். அவள் டார்ச் அடித்துப் பார்த்ததும் கேட்டாள், "இதுல ஒரு நண்டு இருந்திருக்கணுமே, எங்க சார்?"

டப்பாவைக் காட்டினார்.

"உடம்புல முடி இருந்தா சந்தேகப்படலாம். இது வழவழன்னு இருக்கு பாருங்க. இது காவல் நண்டு." அடியிலிருந்து ஒரு நத்தையைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்தாள். ஓடெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருந்தது. "பாசி மேயற நத்தை வேற. இது பவளத்தோட சதையைத் தின்னுற வகை. இவ்வளவு நாளா இதை விரட்டிட்டு இருந்ததே நண்டுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றுமில்லை. "வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டேம்மா. தொடவே இல்ல."

"தொடாது சார். பவளத்து மேல ஊறுற பசைதான் அதுக்குச் சாப்பாடு."

நத்தைகளை ஒன்று விடாமல் பொறுக்கிப் போட்டுவிட்டு அவள் போனாள். உயிரோடு மிஞ்சியது ஒரே ஒரு கிளை. "உக்காருங்க தம்பி, கால் வலிக்கப் போகுது," என்று அன்றுதான் முதல்முறையாக அந்த நாற்காலியைக் காட்டினார். நண்டைத் தொட்டியில் விட்டார். அது வெளுத்த கிளைகளில் தடுமாறி ஏறி, ஊதா மிச்சமிருந்த இடுக்கில் போய் ஒண்டிக்கொண்டது.

அப்போது மகள் கூப்பிட்டாள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஒரு கிளைதாம்மா மிச்சம்."

"அப்புறம் என்னப்பா? இனிமேலாவது வந்துடுங்க. அங்க ஏன் தனியா கிடக்கணும்?"

"தனியா இல்லம்மா," என்றார். "இங்க ரெண்டு பேர் இருக்கோம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஏதாவது சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.